பிடிக்காத படம்

உப்பளத்தில் அடுத்த வருஷமும் வேலை வேண்டுமென்றால், இந்த வருஷம் பிடித்த படத்தையும் பிடிக்காத படத்தையும் கணக்கப்பிள்ளையிடம் சொல்லியாக வேண்டும். யார் எதற்கு அழுதார்கள், எதில் தூங்கினார்கள் என்பதைத் தியேட்டர் நாற்காலிகள் முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிடும்.

"பிடிச்சது அந்தக் கல்யாணப் படம்யா," என்றாள் ஜெபமணி.

"அதுலதாம்ட்டி நீ குறட்ட விட்டிருக்க." கணக்கப்பிள்ளை சொல்ல, பின்னால் நின்ற வரிசை சிரித்தது. "சரி, பிடிக்காதது?"

"உப்பு லாரிப் படம்."

"அத நாலு தடவ பாத்து, நாலு தடவையும் அழுதிருக்கியே?"

அந்தப் படத்தில் பின்னோக்கி வரும் லாரி ஒருத்தனை உப்புக் குவியலோடு சேர்த்து நசுக்கும். கூட்டாளிகள் பிணத்தை முதலாளி வாசலில் கிடத்திவிட்டு நகர மாட்டார்கள். ஜெபமணியின் புருஷனும் அப்படித்தான் செத்தான். வாசலுக்குத்தான் யாரும் தூக்கிப் போகவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

"ஏசிக்குப் போனேன்யா. உப்புல வெந்த கண்ணு, குளிருக்குத் தண்ணி விடுது."

"அந்தச் சாவு?"

"சுத்தப் பொய்யி ஐயா. லாரி வர்றது தெரியாம எவன் நிப்பான்? குடிச்சிருந்தாத்தான் உண்டு."

குடியே அறியாத அவள் புருஷனைப் புதைத்த அன்று கணக்கப்பிள்ளை சொன்னதும் இதைத்தான். அவர் திருப்தியாகத் தலையாட்டி, வேலைச் சீட்டை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.