கடைசி ரெண்டு எழுத்து

“நம்பர் சரியில்லையாம் டீச்சர். பாப்பா பேருல கடைசி ரெண்டு எழுத்தை மாத்திப் போட்டா ராசியாயிருமாம்.”

சுந்தர்ராஜ் சொன்னதைக் கேட்டு ஜெனிபர் டீச்சருக்கு எரிச்சலாக வந்தது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர் அவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர். அவர் எண் ஜோதிடம் பேசிக்கொண்டு உத்தமபாளையம் பள்ளிக்கூடத்தில் வந்து நிற்கிறார். பக்கத்தில் மனைவி ஞானபாக்கியம்.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெயர்ப்பட்டியல் போகிற வாரம் அது. அவர் மகள் ஏஞ்சல் பெயரில் எழுத்து மாறிக் கிடப்பதை ஜெனிபரும் கவனித்திருந்தாள். ஆங்கிலத்தில் ‘இ, எல்’ என்று முடிந்தால் தேவதை. ‘எல், இ’ என்று முடிந்தால் கோணம். பிறப்புச் சான்றிதழிலேயே கோணம்தான். கணக்கு வகுப்பில், “நம்ம ஏஞ்சல் எத்தனை டிகிரி?” என்று பிள்ளைகள் கேலி செய்து, அவள் அழுததும் உண்டு.

மாற்ற வேண்டியதுதான். ஆனால் ராசிக்காக அல்ல. தப்பை முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்லித் திருத்துவதுதான் இருபது வருஷமாக ஜெனிபரின் வழக்கம்.

“ராசியெல்லாம் இல்லைங்க. அந்த ஸ்பெல்லிங்கே...”

சுந்தர்ராஜ் சட்டென்று மனைவி பக்கம் திரும்பி, ஜீப்பில் போய் உட்காரச் சொன்னார். ஞானபாக்கியம் வெளியே போனாள்.

பெண்டாட்டியை இப்படியா விரட்டுவது? ஜெனிபருக்குக் கோபம் இன்னும் ஏறியது. அந்த ஐந்தெழுத்தையும் காகிதத்தில் எழுதி அவர் முன்னால் நகர்த்தினாள்.

“இடம்தான் மாறுது, எழுத்து அதேதான். எப்படிக் கூட்டினாலும் அதே நம்பர்தான் வரும். உங்களை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க.”

“யாரும் ஏமாத்தலை டீச்சர். நான் எந்த ஜோசியர்கிட்டயும் போகலை.” அவர் குரலைத் தாழ்த்தினார். “தப்புன்னு பாப்பா எங்கிட்ட மட்டும் சொல்லிருச்சு. ஆஸ்பத்திரி ஃபாரத்துல பேரை எழுதுனது அவ ஆத்தாதான். அஞ்சாப்பு படிச்ச கை. எம்மக பேரை நானே இங்கிலீசுல எழுதுனேன்னு இன்னிக்கும் எல்லாருகிட்டயும் சொல்லுவா. அது தப்புன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். ஜோசியத்தை நம்புற கிறுக்குப் பயன்னு என்னையப் பேசிட்டுப் போகட்டும்.”

எழுத்துகளை எழுதிய காகிதத்தை ஜெனிபர் மடித்து மேசைக்குள் போட்டாள். விண்ணப்பத்தில் காரணம் கேட்ட இடத்தில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதினாள். தாயின் கையெழுத்துக்காக ஞானபாக்கியத்தை உள்ளே கூப்பிட்டாள்.

“நான் நல்லாத்தான் எழுதி வச்சிருந்தேன் டீச்சர். இவுகதான் நம்பரு நம்பருன்னு அலையுறாக” என்றபடியே அவள் கையெழுத்துப் போட்டாள்.

“ஆமாக்கா” என்றாள் ஜெனிபர். “நீங்க எழுதுனதுல ஒரு தப்பும் இல்லை.”