அண்ணாந்து பார்த்தவர்கள்

உளவியல் படித்துக்கொண்டிருந்த ஸ்ரீமதிக்கு அன்று உற்சாகம் தாங்கவில்லை. ஒருத்தர் செய்வதை ஊரே செய்யும் என்று வகுப்பில் சொன்னதைச் சோதித்துப் பார்க்க, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டின் நடுவில் நின்று வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். பூக்காரம்மா பார்த்தாள். கண்டக்டர் பார்த்தார். கீரப்பாளையம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் பார்த்தார்கள்.

“ஜெயிச்சுட்டடீ!” என்று தோழி அனுப்பிரியா குதித்தாள்.

ஸ்ரீமதி சிரித்தபடி கைதட்டினாள். “மேல ஒண்ணும் இல்லீங்க, சும்மா வெளையாட்டு. போங்க.”

ஒருவரும் தலையைத் தாழ்த்தவில்லை.

“கிட்ட வந்துடுச்சி, தள்ளி நில்லும்மா” என்றாள் பூக்காரம்மா, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கூட்டம் ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்து, நடுவில் வட்டமாக இடம் விட்டது. அனுப்பிரியாவும் வாயைப் பிளந்தபடி நகர்ந்தாள். மேலே பார்க்காமலே ஸ்ரீமதியின் கால்களும் பின்னால் போயின.

காலியான அந்த இடத்தில் கிடந்த பேப்பர் டீ கப் மெதுவாக நசுங்கியது.