விலை இறங்கும் நேரம்

நவநீதன் எழுந்தான், பல் துலக்கினான், ஒரு டம்ளர் காபி போட்டுக்கொண்டான். அடுப்படிச் சுவரிலிருந்து மனைவி சுகிர்தாவின் குரல் வழக்கம்போல விலை நிலவரம் சொன்னது. பயணச்சீட்டுக்குப் பேரம் பேசும் செயலிக்கு அவள்தான் விளையாட்டாகத் தன் குரலைக் கொடுத்திருந்தாள். போன மாதம் அவள் இறந்தபோது, அதே குரலில் அது இரங்கல் சொல்லி ஒரு தள்ளுபடிக் கூப்பனும் தந்தது.

“என்னங்க, பிரம்மபுத்திரா ஆத்துக் கப்பல் டிக்கெட் விலை சரிஞ்சிருச்சு! புக் பண்ணிடவா?”

“எங்களுக்குக் கல்யாணம் ஆனதுலேருந்து ‘பொறு, இன்னும் இறங்கும்’னே சொன்னியே?”

“பொறுத்ததுக்குப் பலனைப் பாருங்க. இப்ப ஒரு ஆள்தான். அதுலயும் துணையை இழந்தவங்களுக்குப் பாதி விலை. இதைவிட நல்ல நேரம் வராது.”

அவன் காபியைக் கீழே வைத்தான்.

“ரெண்டு பேருக்குப் போடு. முழு விலைக்கு.”

“ஐயோ, அதுக்கு நான் என்னைக்காவது சம்மதிச்சிருக்கேனா?”

சுகிர்தா தன் வாயால் கடைசியாகப் பேசியது ஆஸ்பத்திரிக் கட்டிலில். அப்போதும் அவன் ஃபோனில் கப்பல் விலைதான் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து அவள் கேட்டாள்:

“ஏங்க, முழு விலை குடுத்தா கப்பல் என்ன கவுந்தா போயிடும்?”