பஞ்சைத் தொடாதீங்க

"களிமண்ணுல வேலை செய்யறவங்க கைன்னா அவ்ளோ இளப்பமாப் போச்சு அந்த லேப் அம்மாவுக்கு!"

விருத்தாசலத்தின் செராமிக் கொட்டகை ஒன்றில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளைக் காய வைத்தபடியே கொளஞ்சிநாதன் பொருமினான்.

"என்னப்பா பண்ணாங்க?" என்றான் பக்கத்தில் இருந்த காத்தவராயன்.

"பூர்ணிமாவோட எச்சில் எடுக்க, போன வாரம் ரெண்டு நாளு ராத்திரி பதினோரு மணிக்கு எங்க வூட்டுக்கே வந்தாங்க. வந்ததும் அவளை சோப்பு போட்டு மூணு தடவை கை கழுவச் சொன்னாங்க. கழுவியும் பஞ்சைத் தொட விடல. கையுறை மாட்டிக்கிட்டு அவங்களே வாயில வச்சாங்க. நான் கிட்டப் போனா, 'நீங்க தள்ளி நில்லுங்க'ன்னுட்டாங்க. என் வூட்டுலயே!"

"நீ சும்மாவா இருந்த? சூளையாட்டம் கொதிப்பியே!"

"வாயைத் தொறந்தா டெஸ்ட்டு எடுக்காமப் போயிடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆறு மாதமாக அவன் மனைவி பூர்ணிமாவின் உடல் பருத்துக்கொண்டே போனது, முகமும் உப்பியது. ஏதேனும் ஒரு ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறதா என்று எச்சிலில் பார்க்கச் சொன்னார் டாக்டர். லேபில் தந்த பஞ்சை இரவில் வாயில் ஊறவைத்து, குப்பியில் போட்டுக் காலையில் கொடுத்தார்கள். வந்த அளவோ பல மடங்கு அதிகம். மறுபடியும் அப்படியே வந்தால் சென்னையில் ஸ்கேன். கட்டி இருந்தால் ஆபரேஷன். அன்றிலிருந்து பூர்ணிமா சரியாகச் சாப்பிடவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. லேப் அன்புக்கரசி.

"வந்துட்டாங்கப்பா. இங்க நடந்துட்டுப் போயி எத்தனை தடவை கால் கழுவுவாங்களோ!" என்று முணுமுணுத்தான் காத்தவராயன்.

கொட்டகையின் மறுகோடியில் அச்சுகளில் களிமண் கூழை ஊற்றிக்கொண்டிருந்த பூர்ணிமாவிடம் அன்புக்கரசி நேரே போனார்.

"ரிப்போர்ட்டு வந்துடுச்சும்மா. ரெண்டு நாளும் அளவு சரியா இருக்குது. டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் வரேன். சென்னைக்குப் போக வேணாம்னுட்டாரு. உடம்பு போடறதுக்கு வேற காரணம் என்னன்னு பார்க்கலாம்னாரு."

பூர்ணிமா ஈரக் கையோடு அவருடைய கைகளைப் பற்றிக்கொண்டாள்.

"அக்கா... நல்லா இருப்பீங்கக்கா."

வெள்ளைக் களிமண் அன்புக்கரசியின் முழங்கைவரை வழிந்தது. அவர் கையை விலக்கிக்கொள்ளவில்லை.

கொளஞ்சிநாதன் ஓடி வந்தான். "அப்ப மொதல் ரிப்போர்ட்டு, மேடம்? மிஷினு கோளாறா?"

"மிஷினு சரியாத்தான் அளந்துச்சு. பூர்ணிமா விரல் வெடிப்புக்கு ஒரு க்ரீம் போடறாங்கல்ல? அதுல இருக்கறதும் அதே ஹார்மோன்தான். கையில துளி ஒட்டியிருந்து பஞ்சுல பட்டாப் போதும், அளவு ஏறிடும். ரிப்போர்ட்டு வாங்க வந்தப்ப இவங்க விரல் வெடிப்புல க்ரீம் வெள்ளையா இருந்ததைப் பார்த்தேன். சந்தேகம் வந்துச்சு. டாக்டர்கிட்ட மட்டும் சொன்னேன்."

"எங்ககிட்டயும் சொல்லியிருக்கலாமே மேடம்? நான் உங்களை என்னென்னமோ பேசிட்டேன்..."

"வெறும் சந்தேகந்தானேங்க. சொல்லிட்டு, அப்புறம் அது இல்லைன்னு ஆயிருந்தா இவங்க தாங்குவாங்களா? நீங்க திட்டினா நான் தாங்குவேன்."

கொளஞ்சிநாதன் கைகூப்பினான். காத்தவராயன் மெல்லப் பொம்மைகளின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏன் பூர்ணிமா, கையைக் கழுவிட்டுத் தொடணும்னு உனக்குத் தோணலையா? எத்தனை நாளு தவிக்க வச்சிட்ட!" என்று மனைவியைக் கேட்டான் கொளஞ்சிநாதன்.

அழுதுகொண்டிருந்த பூர்ணிமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் எங்கங்க தொட்டேன்? எனக்கு வலிக்குமேன்னு தெனமும் க்ரீம் தடவி விடறது நீங்க. அன்னைக்கு அதே கையோட பஞ்சை எடுத்து என் வாயில வச்சதும் நீங்கதானே!"