புல்வெட்டி பார்த்த வரன்

பூங்காவில் ஒரு புல்வெட்டும் இயந்திரம் இருந்தது. வாரம் தவறாமல் வந்து, தலைதூக்கி நிற்கும் தாத்தாப்பூக்களை எல்லாம் சீவித் தள்ளிவிட்டுப் போகும்.

இருபது வருஷம் போயிற்று. ஒருநாள் எவ்வளவு உறுமி ஓடியும் ஒரு பூகூட அறுபடவில்லை. பார்த்தால், பிளேடுக்கு ஒரு விரற்கடை கீழே, தரையோடு தரையாக அத்தனையும் பூத்துக் கிடந்தன.

"எனக்குப் பயந்து குனிந்துவிட்டீர்களா?" என்றது இயந்திரம், பெருமையாக.

"குனியவில்லையே, நாங்கள் பிறவியிலேயே குட்டை!" என்று சிரித்தது ஒரு பூ. "நெட்டையாகப் பிறந்தவர்களை விதை விடுமுன் நீங்கள் வெட்டிவிட்டீர்கள். மிஞ்சிய குட்டைகளுக்குள்ளேயே சம்பந்தம், தலைமுறை தலைமுறையாக. எல்லாம் நீங்கள் பார்த்துவைத்த வரன்தான். அடுத்த வாரமும் ஒரு கல்யாணம் இருக்கிறது. தரகர் இல்லாமல் எப்படி? கட்டாயம் வந்துவிடுங்கள்!"