மேயரின் ஷூவில் ஒட்டிய சேறு

அரசுப் பயணம் முடிந்து திரும்பிய மேயரின் ஷூ, தரையில் விரித்த செய்தித்தாள்மேல் அரைத்தூக்கத்தில் கிடந்தது. படகின் ஆட்டம் இன்னும் உள்ளே இருப்பதுபோல் இருந்தது. தாளில் மேயர் ஏரிப் படகில் சிரித்துக்கொண்டிருந்தார். ‘ஊர்ப் பணத்தில் உல்லாசம்’ என்பது தலைப்பு.

“ஏன் தம்பி, மூன்று நாள் கழிவுநீர் நிலையத்தில் நடந்தோமே, அது உன் கண்ணில் படவில்லையா?” என்று செய்தித்தாளைக் கேட்டது ஷூ.

“படகில் போனது பொய்யா அண்ணே?”

“உண்மைதான். அரைமணி நேரம். என்னைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் காலை ஆட்டினார். எனக்கும் சுகமாகத்தான் இருந்தது.”

“அப்புறம் என்ன கோபம்?”

“பத்து மணிக்கு மன்றக் கூட்டம். உன்னைக் காட்டித்தான் அவரைப் பதவியிலிருந்து இறக்கப் போகிறார்கள். அந்த நிலையத்துச் சேறு இன்னும் என் அடியில் இருக்கிறது, பார்.”

செய்தித்தாள் முகர்ந்து பார்த்தது.

“நான் அச்சாகி முடிந்துவிட்டேன் அண்ணே,” என்றது மெல்ல. “நீங்களே போய்க் காட்டுங்கள்.”

அப்போது மேயர் வந்தார். கூட்டத்துக்கு அழுக்கோடு போகக் கூடாதென்று, அந்தத் தாளைக் கசக்கி அடிப்பாகத்தை அழுந்தத் துடைத்தார்.

ஷூ பளபளவென்று கூட்டத்துக்குக் கிளம்பியது. சேறு, தாளிலிருந்த படகின்மேல் அப்பிக்கொண்டு குப்பைக்கூடைக்குப் போனது.