கோடு விழுந்த இடம்

“ஆளு எப்படி இருக்கா?” என்று கேட்டான் கணவன், டி.வி. திரைப் பக்கம் காதைத் திருப்பியபடி.

அவள் பார்த்தாள். நீளமான படிக்கட்டின் உச்சியில், வெள்ளை உடுப்பில் நின்றிருந்தாள் அந்த அமெரிக்க நடிகை. விளக்குகளுக்கெல்லாம் வேறு வேலையே இல்லாததுபோல வெளிச்சம் அந்த ஒரு முகத்திலேயே விழுந்து கிடந்தது.

“சுமார்தாங்க,” என்றாள்.

கல்யாணமான இந்த நான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் இப்படித்தான் போகிறது. அவனுக்குக் கண் தெரியாது. பேச்சை அவன் கேட்டுக்கொள்வான். படத்தை அவள் சொல்ல வேண்டும். யார் உள்ளே வருகிறார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், துப்பாக்கி எந்தக் கையில் இருக்கிறது.

கட்டிலுக்கடியில் ஓர் அட்டைப்பெட்டி நிறைய வீடியோ கேசட்டுகள். எல்லாம் கறுப்பு வெள்ளைக் காலத்து ஹாலிவுட் படங்கள். ஆசை ஆசையாக வாங்கிச் சேர்த்ததாகவும், போட்டுப் பார்ப்பதற்குள் கண் போய்விட்டதாகவும் வந்த புதிதிலேயே அவளிடம் சொல்லியிருந்தான்.

அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அவள் இத்தனை நாள் அந்த நடிகைகளோடு ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாள். அவன் பார்த்திராத முகங்கள். அவள் முகத்தைப் போலவே.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து முடித்த சட்டையை விளக்கடியில் விரித்து, நூல் விட்ட இடத்திலும் கறை பட்ட இடத்திலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒரு மணி நேரம் எதுவும் சிக்காவிட்டால், “தூங்கிட்டியாம்மா?” என்பார் மேற்பார்வையாளர்.

நடிகைகளுக்கும் ஒட்டினாள்.

முன்பல்லில் இடைவெளி, சுண்டுவிரலே போகும் என்றாள். காது விடைத்துக்கொண்டிருக்கிறது, மூக்கு சப்பை என்றாள். புருவத்தில் வெட்டுத் தழும்பு, அதை மறைக்கத்தான் முடியை இழுத்துவிட்டுக்கொண்டு திரிகிறாள் என்றாள்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் புதிது புதிதாக வரவில்லை. போன வாரம் குதிரையில் வந்தவளுக்கும் அதே பல். அதற்கு முந்தின வாரம் புருஷனுக்கு விஷம் வைத்தவளுக்கும் அதே தழும்பு.

“அந்த ஊர்ல பல் டாக்டரே கிடையாதா?” என்று ஒருமுறை கேட்டான். அவள் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் அவள் சொல்லி முடித்ததும் அவன் வெகுநேரம் பேசாமல் இருப்பான். அந்த மௌனம்தான் அவளைத் தின்றது. இத்தனை குறையையும் கேட்டுவிட்டு அந்த நடிகையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று தோன்றும். அப்படி இருக்கும்போது சில சமயம் அவன் கை இவள் முகத்தைத் தேடி வரும். மணிக்கட்டைப் பிடித்து மடியில் இறக்கிவிடுவாள்.

விரலிடம் பொய் சொல்ல முடியாது.

இந்தப் படத்தை மட்டும் அவன் வருடத்துக்கு இரண்டு தடவையாவது போடச் சொல்வான். ஒவ்வொரு தடவையும் இந்தப் படிக்கட்டு வந்ததும், ஏதோ முதல்முறையாகக் கேட்பவன்போல, ஆளு எப்படி இருக்கா.

இன்று அவன் தங்கை வந்திருந்தாள். மாடிக் கொடியிலிருந்து எடுத்துவந்த துணியை மடித்துக்கொண்டே திரையை நிமிர்ந்து பார்த்தாள். நடிகை முதல் படியில் கால் வைத்ததும் படம் நடுங்கி, குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடின. இந்த இடத்தில் எப்போதும் அப்படித்தான். கடைக்காரன் பழுதான நாடாவை விற்றுவிட்டான் என்றே இத்தனை நாளும் இவள் நினைத்திருந்தாள்.

தங்கை சிரித்துவிட்டாள்.

“அண்ணி, இந்தக் கோடு எப்படி வந்துச்சு தெரியுமா? அண்ணன் இங்க நிறுத்தி நிறுத்திப் பாத்ததுல நாடாவே தேஞ்சுபோச்சு. அம்மா சாப்பிடக் கூப்பிட்டா, இவ இறங்கி வரட்டும்னு சொல்லுவாரு. அவ எங்க இறங்கினா?”

அவள் அந்தக் கோட்டையே பார்த்தாள். நாளெல்லாம் குறை தேடுகிற கண். நான்கு வருடம் இதன் முன்னால் உட்கார்ந்தும் இது என்னவென்று அதற்குத் தெரியவில்லை.

அப்படியானால் அவன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். பெட்டியிலிருக்கும் ஒவ்வொருத்தியையும் பார்த்து உள்ளே பத்திரமாக வைத்திருக்கிறான். இவளை மட்டும் பார்க்கவில்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் சொன்னது பொய் என்று தெரிந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது கோபம்.

“எல்லாம் பாத்த முகம்னா, அப்புறம் எதுக்கு என்கிட்ட கேட்டீங்க?”

குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. தங்கை கையிலிருந்த துணியை மடிக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

திரையில் நடிகை படிக்கட்டு முழுவதையும் இறங்கி முடித்தாள். யாரோ அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். அதை அவனுக்குச் சொல்ல யாரும் இல்லை.

“பல்லு சொல்லிட்டே, காது சொல்லிட்டே, மூக்கு சொல்லிட்டே,” என்றான் மெதுவாக. “தழும்பு எந்தப் புருவத்துலன்னு மட்டும் நீ சொன்னதே இல்ல.”

தங்கை திரையை உற்றுப் பார்த்தாள். தழும்பு ஏது என்று கேட்க வாயெடுத்தவள், அண்ணியின் பக்கம் திரும்பியதும் நிறுத்திக்கொண்டாள்.

அவள் விரல் தானாகவே மேலே போய், தன் புருவத்துத் தழும்பின் மேல் நின்றிருந்தது.

“இடது,” என்றாள்.